பேய்க்கதை சின்னத்திரைக்கு வரும்போது: டிக்கன்ஸின் சிக்னல்காரர்



புகழ்பெற்ற திகில் சிறுகதை ஒன்றைத் தொலைக்காட்சிப் படமாக்குவது எப்படி என்பதுதான் இன்றைய உரையின் பொருள். டெலிமூவி என்றால் இங்கே எல்லாருக்கும் சட்டென்று புரிந்துவிடும். ஒரு கதையைப் படித்த இரவில் விளக்கை அணைக்க மனம் வராது. அதே கதையைப் படமாக எடுத்து ஒளியேற்றினால், வீட்டில் இருக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஏன் இப்படி என்று கேட்டால், கையில் பணம் போதவில்லை, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் செய்ய வசதியில்லை என்று பதில் வரும். அந்தப் பதில் எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்ட, பிபிசி தொலைக்காட்சி 1976-ஆம் ஆண்டு எடுத்த 38 நிமிடப் படம் ஒன்று போதும். அதில் கம்ப்யூட்டர் இல்லை. கூட்டம் இல்லை. பெரும்பகுதி நேரம் இரண்டே இரண்டு மனிதர்கள், ஒரு சின்ன அறை, ஒரு ரயில் பாதை, ஒரு சுரங்கப்பாதையின் வாய்.

கதை சார்லஸ் டிக்கன்ஸ் எழுதியது. பெயர் 'தி சிக்னல்மேன்'. அவர் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' இதழின் 1866-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் மலரில் வெளிவந்தது. சுமார் 5,000 சொற்கள் கொண்ட சிறிய கதை. படிக்காத நேயர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடலாம்.

ஒரு பயணி, ஆழமான பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்க்கிறார். இரு பக்கமும் செங்குத்தான, ஈரம் கசியும் பாறைச் சுவர்கள். நடுவே தண்டவாளம். ஒரு கோடியில் சிவப்பு விளக்கும் சுரங்கப்பாதையின் கரிய வாயும். சிக்னல்காரர் தம் அறைக்கு வெளியே நிற்கிறார். பயணி மேலிருந்து குரல் கொடுக்கிறார். இயல்பாக யாரும் குரல் வந்த திசையில், மேலேதானே பார்ப்பார்கள்? இவரோ மேலே பார்க்காமல், திரும்பிச் சுரங்கப்பாதையைப் பார்க்கிறார். கதையின் முழு மர்மமும் இந்த ஒரே அசைவில் இருக்கிறது. படம் எடுக்க வருபவருக்கு டிக்கன்ஸ் கொடுத்த முதல் சீதனம் என்றே இதைச் சொல்லலாம்.

பயணி கீழே இறங்கிப் போகிறார். பேச்சு தொடங்குகிறது. சிக்னல்காரர் படித்தவர். இளமையில் கல்வி வாய்ப்புகள் கிடைத்தும் அவற்றை வீணாக்கியவர். அந்தப் பள்ளத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு மொழியைத் தாமே கற்றுக்கொண்டவர், பின்னமும் தசமமும் கொஞ்சம் இயற்கணிதமும் போட்டுப் பார்த்தவர். வேலையில் மிகவும் கவனமானவர். தந்திக் கருவியின் மணி அடித்தால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய் வேலையை முடித்துவிட்டுத்தான் வருவார். ஆனால் இரண்டு தடவை, மணி அடிக்காதபோதும் அவர் முகம் வெளிறி அந்த மணியைத் திரும்பிப் பார்க்கிறார்.

மறுநாள் இரவு அவர் காரணத்தைச் சொல்கிறார். சுரங்கப்பாதையின் வாயில், சிவப்பு விளக்கின் கீழ், ஓர் உருவம் தோன்றுகிறது. இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, வலது கையை வேகமாக ஆட்டி, பயணி மேலிருந்து கூப்பிட்ட அதே வார்த்தைகளால் கூப்பிடுகிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. அது தோன்றி 6 மணி நேரத்துக்குள் பெரிய விபத்து நடக்கிறது. இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் அந்த உருவம் நின்ற இடத்தின் வழியாகவே தூக்கி வருகிறார்கள். ஆறேழு மாதம் கழித்து மறுபடி தோன்றுகிறது. இந்தத் தடவை சத்தமில்லை. துக்க வீட்டில் நிற்பவரைப்போல் இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருக்கிறது. அன்றைக்கே ஓடும் ரயிலில் ஓர் இளம்பெண் இறந்துபோகிறாள். அவளை இந்த அறைக்குள்ளேதான் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். இப்போது ஒரு வாரமாக உருவம் திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றாவது விபத்து எது? எங்கே? யாருக்கு? அதுதான் தெரியவில்லை.

இங்கே டிக்கன்ஸ் செய்திருக்கும் ஒரு வேலையைப் பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தச் சிக்னல்காரர் பேயைக் கண்டு பயந்தவர் என்று சொல்வது பாதி உண்மைதான். அவரை அரித்துத் தின்பது வேலைக் கவலை. ஆபத்து என்று தந்தி கொடுத்தால், என்ன ஆபத்து, எந்த இடத்தில் என்று மேலிடம் கேட்கும். சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. பைத்தியம் என்று வேலையை விட்டு நீக்கிவிடுவார்கள். தந்தி கொடுக்காமல் இருந்தால், யாரோ சாகப்போகிறார்கள். பொறுப்பு முழுவதும் அவர் தலையில், அதிகாரம் துளியும் கையில் இல்லை. கீழ்நிலை ஊழியராக வேலை பார்த்த எவருக்கும் இந்த வேதனை அந்நியமானதன்று.

இதை டிக்கன்ஸ் வெறும் கற்பனையில் எழுதவில்லை. 1865 ஜூன் 9-ஆம் தேதி, இங்கிலாந்தின் ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் என்னும் ஊருக்கு அருகே ஒரு சிறிய பாலத்தில் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. தண்டவாளத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். மேற்பார்வையாளர் கால அட்டவணையில் தவறான நாளுக்குரிய நேரத்தைப் பார்த்துவிட்டதால், ரயில் வர இன்னும் வெகுநேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சிவப்புக் கொடியுடன் ஓர் ஆள் முன்னால் நிறுத்தப்பட்டிருந்தார். விதிப்படி 1,000 கஜ தூரத்தில் நிற்க வேண்டியவர் 554 கஜ தூரத்தில்தான் நின்றார். ஓட்டுநர் கொடியைப் பார்த்தார். பார்த்தும் ரயிலை நிறுத்த முடியவில்லை. பெட்டிகள் பாலத்திலிருந்து கீழே விழுந்தன. 10 பேர் இறந்தார்கள், 40 பேர் காயமடைந்தார்கள்.

அந்த ரயிலில் டிக்கன்ஸ் இருந்தார். அவர் இருந்த முதல் வகுப்புப் பெட்டி முழுவதும் விழாமல் சாய்ந்து தொங்கியது. அவர் இறங்கி, தம் தொப்பியில் தண்ணீர் மொண்டு வந்து அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். கையில் இருந்த பிராந்தியைக் கொடுத்தார். அவர் கண் முன்னாலேயே சிலர் உயிர்விட்டார்கள். பிறகு, எழுதிக்கொண்டிருந்த 'அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்' நாவலின் கையெழுத்துப் பிரதி பெட்டிக்குள்ளேயே இருப்பது நினைவுக்கு வர, மறுபடி ஏறிப் போய் எடுத்து வந்தார். அடுத்த ஆண்டு எழுதியதுதான் இந்தக் கதை.

அதற்கும் முன்னால், 1861 ஆகஸ்ட் 25-ஆம் தேதி, பிரைட்டன் தடத்தில் உள்ள கிளேட்டன் சுரங்கப்பாதையில் நடந்த விபத்தும் அவர் மனத்தில் இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சுரங்கப்பாதையின் இரு முனைகளிலும் இரண்டு சிக்னல்காரர்கள், நடுவே ஒரு தந்திக் கம்பி. தானாக மாற வேண்டிய சிக்னல் மாறவில்லை. ஹென்றி கில்லிக் என்ற சிக்னல்காரர் அவசரமாகச் சிவப்புக் கொடி காட்டியபோது, இரண்டாவது ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் கொடியைப் பார்த்தாரா இல்லையா? பாதை காலியா என்று மறுமுனைக்குத் தந்தி கொடுத்தார். அங்கே அப்போதுதான் முதல் ரயில் வெளியே வந்திருந்தது. அங்கிருந்தவர் அதை மனத்தில் வைத்துக்கொண்டு, காலி என்று பதில் கொடுத்தார். கில்லிக் மூன்றாவது ரயிலுக்கு வழிவிட்டார். ஆனால் இரண்டாவது ரயிலின் ஓட்டுநர் சிவப்புக் கொடியைப் பார்த்திருந்தார். அவர் உள்ளே ரயிலை நிறுத்திப் பின்னோக்கி ஓட்டி வந்துகொண்டிருந்தார். 23 பேர் இறந்தார்கள், 176 பேர் காயமடைந்தார்கள். வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதற்காக, கில்லிக் அன்று 18 மணி நேரத்துக்குப் பதில் 24 மணி நேர வேலையில் இருந்தார்.

இந்த இரண்டு விபத்துகளையும் சற்று விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டிலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. இரண்டிலும் எச்சரிக்கை பயன்படவில்லை. கிளேட்டனில் எச்சரிக்கையே ஆபத்தாகிவிட்டது. டிக்கன்ஸின் பேய் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது. அது யாரையும் கழுத்தை நெரிப்பதில்லை, பழிவாங்குவதில்லை. அது எச்சரிக்கிறது. அவ்வளவுதான். அதனால்தான் அதைக் கண்டால் பயமாக இருக்கிறது. இந்தக் கதையைப் படமாக்க வருபவர் இதைப் புரிந்துகொள்ளாவிட்டால், வெள்ளைத் துணியும் கொலுசுச் சத்தமும் மல்லிகைப்பூ வாசனையும் போதும் என்று நினைத்துவிடுவார்.

இனி படத்துக்கு வருவோம்.

1968-ஆம் ஆண்டு பிபிசியின் 'ஆம்னிபஸ்' நிகழ்ச்சிக்காக ஜொனாதன் மில்லர் என்பவர், எம். ஆர். ஜேம்ஸ் எழுதிய பேய்க்கதை ஒன்றைக் கருப்பு வெள்ளையில் படமாக்கினார். ஜேம்ஸ் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர். கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களைக் கூட்டி வைத்துப் பேய்க்கதை படித்துக் காட்டிய மனிதர். 1971 முதல் பிபிசி, கிறிஸ்துமஸ் காலத்தில் ஆண்டுக்கு ஒரு பேய்க்கதை என்று வரிசையாக எடுக்க ஆரம்பித்தது. லாரன்ஸ் கோர்டன் கிளார்க் என்ற இயக்குநர்தான் அதற்கு மூலகாரணம். அவர் ஆவணப்படங்கள் எடுத்துப் பழகியவர். அதனால் ஸ்டூடியோவுக்குள் அட்டைச் சுவர் வைத்து எடுக்காமல், உண்மையான தேவாலயங்களுக்கும் கடற்கரைகளுக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். முதல் ஐந்து ஆண்டுகளும் ஜேம்ஸ் கதைகள். ஆறாவதாக டிக்கன்ஸ். திரைக்கதையை எழுதியவர் ஆண்ட்ரூ டேவிஸ். பின்னாளில், 1995-இல், 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைத் தொலைக்காட்சித் தொடராக்கி உலகப் புகழ் பெற்ற அதே டேவிஸ்தான். 1976 டிசம்பர் 22-ஆம் தேதி படம் ஒளியேறியது. டென்ஹோம் எலியட் சிக்னல்காரர். பெர்னார்ட் லாயிட் பயணி.

டேவிஸுக்கும் கிளார்க்குக்கும் முன்னால் இருந்த சிக்கல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் இந்த வேலையின் கஷ்டம் விளங்கும்.

முதலில் அந்த மணி. கதையில், மணி அடிக்காதபோது சிக்னல்காரர் திரும்பிப் பார்க்கிறார் என்று பயணி சொல்கிறார். வாசகர் நம்பிவிடுகிறார், ஏனென்றால் அவருக்கு வேறு சாட்சி இல்லை. தொலைக்காட்சி நேயருக்கோ சொந்தமாகக் காது இருக்கிறது. மணி அடித்தால் பேய் உண்மை என்று இயக்குநர் தீர்ப்பு எழுதிவிட்டார் என்று அர்த்தம். அடிக்காவிட்டால் மனிதருக்கு மூளை பிசகிவிட்டது என்று நேயர் முடிவுகட்டிவிடுவார். இரண்டில் எது நடந்தாலும் கதை அங்கேயே முடிந்துபோகும். கிளார்க் என்ன செய்தார் தெரியுமா? உருவம் தோன்றுவதற்கு முன்னால் அந்த மணியில் ஓர் அதிர்வை மட்டும் வைத்தார். முழுதாக அடித்தது என்று சொல்ல முடியாது, அடிக்கவே இல்லை என்றும் சாதிக்க முடியாது. கனமான ரயில் தொலைவில் போகும்போது வீட்டில் பாத்திரம் லேசாக அதிர்வதில்லையா, அந்த மாதிரி. டிக்கன்ஸின் கதையிலேயே சிக்னல்காரர் இதைத்தான் சொல்கிறார். உருவம் அடிக்கும்போது மணியில் வருவது ஒரு விசித்திரமான நடுக்கம், அதைக் கண்ணால் பார்க்க முடியாது என்கிறார். கதையில் பேச்சோடு பேச்சாக வந்துபோகும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, படத்தின் ஒலிக்கே அதை அடித்தளமாக்கிவிட்டார்கள். மூலக்கதையைக் கவனமாகப் படித்தவருக்குத்தான் இது கிடைக்கும்.

அடுத்தது நிறம். கதையில் சிவப்பு விளக்கு ஒன்று இருக்கிறது. படத்தில் அந்தச் சிவப்பு ஓயாமல் திரும்பி வருகிறது. சுரங்கப்பாதை வாயில் எரியும் ஆபத்து விளக்கும், விபத்தைப் பற்றிய சிக்னல்காரரின் நினைவுகளும் அந்த ஒரே நிறத்தால் இணைக்கப்படுகின்றன. வசனம் எதுவும் இல்லாமலே, இவர் எதை மறக்க முடியாமல் தவிக்கிறார் என்பது நேயருக்குத் தெரிந்துவிடுகிறது.

சில இடங்களில் கதையை மாற்றவும் செய்தார்கள். ரயில் பெட்டிக்குள் இறந்துபோன இளம்பெண், படத்தில் ஓடும் ரயிலிலிருந்து விழும் மணப்பெண்ணாகிவிட்டாள். கல்யாண உடையில் ஒரு பெண் ரயிலிலிருந்து விழுவது கண்ணை விட்டு அகலாத காட்சி என்பதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் இது கொஞ்சம் அலங்காரம்தான். கதையில் அவள் எப்படி இறந்தாள் என்பதே சொல்லப்படவில்லை. அந்தச் சொல்லாமை இதைவிடக் கொடுமையானது. பயணி தங்கியிருக்கும் விடுதியில் அவர் தூக்கமில்லாமல், கெட்ட கனவுகளோடு புரளும் இரவுகளையும் புதிதாகச் சேர்த்தார்கள். முதல் பார்வையில் இதுவும் நேரத்தை நிரப்ப வந்ததுபோல் தோன்றும். அப்படியில்லை என்பது படத்தின் கடைசியில்தான் தெரிகிறது.

அந்தக் கடைசிதான் இந்த உரையின் மையம்.

கதையில், மூன்றாவது நாள் மாலை பயணி திரும்பி வரும்போது சுரங்கப்பாதை வாயில் ஓர் ஆள் முகத்தை ஒரு கையால் மறைத்து மறுகையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். பேய் என்று பயணி நடுங்குகிறார். உண்மையில் அவர் ரயில் ஓட்டுநர். அன்று காலை சிக்னல்காரர் ரயிலில் அடிபட்டு இறந்துவிட்டார். எப்படி நடந்தது என்று ஓட்டுநர் மற்றவர்களுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். சிக்னல்காரர் முதுகைக் காட்டியபடி தண்டவாள ஓரத்தில் நின்றாராம். ஓட்டுநர் கத்தினாராம். கண்ணால் பார்க்கச் சகிக்காமல் ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, மறுகையை ஆட்டிக்கொண்டே வந்தாராம். பயன் இல்லை. வாழ்நாள் முழுவதும் எச்சரிக்கையோடு இருந்த மனிதர், கடைசி எச்சரிக்கைக்கு மட்டும் ஏன் விலகவில்லை? அதே குரலை, அதே சொற்களை அவர் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார் அல்லவா!

இத்துடன் டிக்கன்ஸ் விடவில்லை. இன்னும் ஒரு திருகு திருகுகிறார். ஓட்டுநர் கத்திய சொற்களில் சில, சிக்னல்காரர் எப்போதும் சொல்லாதவை. அந்த உருவத்தின் கையசைவைப் பற்றிக் கேட்டபோது, இதற்கு இப்படித்தான் பொருள் இருக்கும் என்று பயணி தம் மனத்துக்குள் மட்டும் நினைத்துக்கொண்டவை. வாயைத் திறந்து யாரிடமும் சொல்லாதவை. கதை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அப்படியானால் இந்தப் பயணி யார்? அவர் ஏன் அந்தப் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தார்? அவர் முதல் நாள் மேலிருந்து கொடுத்த குரலும் அந்த எச்சரிக்கைகளில் ஒன்றுதானா? வாசகருக்குள் கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

மனத்துக்குள் மட்டும் நினைத்த சொல்லைக் கேமராவால் எப்படி எடுப்பது? பயணியின் குரலில் பின்னணி விளக்கம் சேர்த்து, அந்தச் சொற்களை மனத்தில் நினைத்தது அவர்தான் என்று சொல்ல வைக்கலாம். பலர் அதைத்தான் செய்வார்கள். செய்தால் அது வானொலி நாடகமாகிவிடும், படம் தோற்றுப்போகும். டேவிஸும் கிளார்க்கும் வேறு வழியில் போனார்கள். முடிவின் அமைப்பையே மாற்றினார்கள். கதையில் எப்போதும் கைக்குப் பின்னால் மறைந்திருக்கும் அந்த உருவத்தின் முகத்தைக் கடைசியில் காட்டினார்கள். வெளிறிப்போன முகம், பிளந்த வாய். அந்த முகத்தில் பயணியின் சாயல் இருக்கும்படி செய்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். சொல்லை முகமாக மாற்றிவிட்டார்கள். டிக்கன்ஸ் எழுதாத காட்சிதான், ஆனால் டிக்கன்ஸ் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. இந்தப் பயணி யார்? நேயரும் வாசகரைப் போலவே திரும்பிப் போய், விடுதியில் அவர் தூக்கமில்லாமல் புரண்ட இரவுகளை நினைத்துப் பார்க்கிறார். அவர் கெட்ட கனவு கண்டாரா? அல்லது அவரே யாருடைய கெட்ட கனவாகவோ இருந்தாரா? கதையோடு விசுவாசமாக இருப்பது என்றால் வரிக்கு வரி எடுப்பது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பேயின் முகத்தைக் காட்டியது தவறு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மறைந்த முகமே பயங்கரம், திறந்த முகம் வெறும் முகமூடி என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் காட்சி ஒரு நொடி நீண்டிருந்தாலும் வேடம் வெளுத்திருக்கும். ஆனால் முகத்தைக் காட்டாமலே விட்டிருந்தால் பயணியைப் பற்றிய சந்தேகத்தை எழுப்ப வேறு வழியில்லை. காட்டினால் ஒரு நஷ்டம், காட்டாவிட்டால் அதைவிடப் பெரிய நஷ்டம். தழுவல் வேலை இப்படிப்பட்ட கணக்குகளால் ஆனது.

படப்பிடிப்பு செவர்ன் வேலி ரயில்வேயில் நடந்தது. பழைய நீராவி ரயில்களைப் பராமரித்து ஓட்டும் தடம் அது. பியூட்லி சுரங்கப்பாதையின் ஒரு பக்கத்துப் பள்ளத்தில் பொய்யான சிக்னல் அறை ஒன்றைக் கட்டி நிறுத்தினார்கள். அறையின் உட்புறக் காட்சிகளை ஹைலி என்னும் நிலையத்தின் உண்மையான சிக்னல் அறையில் எடுத்தார்கள். வெளியே ஓர் ஊர், உள்ளே வேறு ஊர், பார்ப்பவருக்கோ ஒரே அறை. நீராவி எஞ்சின் சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வரும்போது கக்கும் புகைக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. அந்தப் புகை, அந்த ஈரம், அந்தக் கரி எல்லாம் அந்த இடத்தோடு வந்தவை. செலவு குறைந்த படம் செய்ய நினைப்பவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. முதலில் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். சரியான இடம் பாதிப் படத்தை எடுத்துக் கொடுத்துவிடும்.

மீதிப் பாதியை டென்ஹோம் எலியட் கொடுத்தார். இவரைப் பின்னாளில் இந்தியானா ஜோன்ஸ் படங்களில் அப்பாவி அருங்காட்சியகக் காப்பாளர் மார்கஸ் பிராடியாகப் பார்த்துச் சிரித்த நேயர்கள் நிறைய இருப்பார்கள். இங்கே அவர் கண்களை உருட்டவில்லை, அலறவில்லை. மரியாதை தெரிந்த, வேலை தெரிந்த, கொஞ்சம் கூச்சமுள்ள மனிதராக வருகிறார். பல நாள் பேச ஆளில்லாமல் இருந்தவர் விருந்தாளி வந்ததும் எவ்வளவு நன்றியோடு பேசுவாரோ அப்படிப் பேசுகிறார். அந்த நன்றியுணர்ச்சிதான் நெஞ்சைப் பிசைகிறது. பேய்ப் படத்தில் நடிகர் பயப்படுவதை நேயர் பார்த்தால் போதாது. இவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நேயர் பதற வேண்டும். எலியட் அந்தப் பதற்றத்தைச் சம்பாதித்துக்கொண்டார்.

தொலைக்காட்சிக்கு இந்தக் கதை பொருந்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. திரையரங்கில் ஆயிரம் பேரோடு உட்கார்ந்து பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் பயம் ஓடிவிடும். தொலைக்காட்சி, வீட்டுக்குள் ஒரு சின்ன அறையில் இருக்கிறது. படத்திலும் சின்ன அறை, ஒரு கணப்பு நெருப்பு, இரண்டு பேர் மெதுவான குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது ஆளாக நேயர் உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணத்தையும் சொல்ல வேண்டும். ஜொனாதன் மில்லர் 1968-இல் எடுத்த அந்த எம். ஆர். ஜேம்ஸ் கதையின் பெயர், 1904-ஆம் ஆண்டுத் தொகுப்பில், 'ஓ, விசில், அண்ட் ஐ வில் கம் டு யூ, மை லாட்'. பழைய இடிபாட்டில் ஒரு விசிலைக் கண்டெடுத்து ஊதிப் பார்க்கும் பேராசிரியரின் கதை. ஊதினால் ஏதோ வருகிறது. கடைசியில், அவர் தங்கியிருக்கும் அறையின் காலிக் கட்டிலில் இருந்து படுக்கை விரிப்பே எழுந்து நிற்கிறது. மில்லர் அதை ஒரு துணித்துண்டை வைத்தே எடுத்தார். மைக்கேல் ஹோர்டர்ன் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே திரியும் பேராசிரியராக நடித்தார். எல்லாம் தமக்குத் தெரியும் என்று நினைத்த ஒருவர், கடைசியில் கட்டை விரலைச் சப்பும் குழந்தையாகிவிடுகிறார். அந்தத் துணியைப் பார்த்துப் பயந்தவர்கள் இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள்.

2010-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அதே கதையை பிபிசி மறுபடி எடுத்தது. நீல் கிராஸ் எழுத, ஆண்டி டி எமனி இயக்கினார். ஜான் ஹர்ட் நடித்தார், பிரமாதமாகவே நடித்தார். நினைவாற்றல் இழந்து காப்பகத்தில் இருக்கும் மனைவியை விட்டுவிட்டு வந்த முதியவராக அவரை மாற்றியிருந்தார்கள். உருக்கமான கற்பனைதான். ஆனால் விசிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மோதிரத்தை வைத்தார்கள். படத்தின் பெயரில் விசில் இருக்கிறது, படத்தில் இல்லை. மோதிரத்தை விரலில் போட்டுப் பார்ப்பதும் விசிலை ஊதுவதும் ஒன்றா? ஊதுவது கூப்பிடுவது. கூப்பிட்டதால்தான் வருகிறது. தன் ஆர்வக்கோளாறால் தானே வரவழைத்துக்கொண்ட வினை என்பது ஜேம்ஸ் கதையின் ஆணிவேர். அதைப் பிடுங்கிவிட்டு மனைவியின் சோகத்தை நட்டபோது, நல்ல நாடகம் ஒன்று கிடைத்தது. ஜேம்ஸின் பயம் கிடைக்கவில்லை.

இரண்டு படங்களும் மூலக்கதையை மாற்றியவைதான். டேவிஸ் மணப்பெண்ணைச் சேர்த்தார், கனவுகளைச் சேர்த்தார், முடிவை மாற்றினார், டிக்கன்ஸ் காட்டாத முகத்தைக்கூடக் காட்டினார். எண்ணிப் பார்த்தால் அவர் செய்த மாற்றங்கள் குறைவானவையல்ல. ஆனால் கூப்பிடும் குரல், முகத்தை மறைக்கும் கை, மணியின் நடுக்கம், சிவப்பு விளக்கு ஆகிய நான்கிலும் அவர் கை வைக்கவே இல்லை. அவற்றை எடுத்தால் கதை சரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே உள்ள இளைஞர்கள் சிலர் கையடக்கக் கேமராவோடு நல்ல சிறுகதைகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் திரைக்கதை எழுத உட்காருவதற்கு முன்னால், கதையை நாலைந்து தடவை படித்துவிட்டு, பயம் எந்த வரியில் தொடங்குகிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்க்கலாம். பேய் தோன்றும் வரிக்குக் கீழே அந்தக் கோடு விழுவது அபூர்வம். 'சிக்னல்மேன்' கதையில் அது தொடக்கத்திலேயே விழுந்துவிடும். ஒருவர் மேலிருந்து கூப்பிடுகிறார், மற்றவர் மேலே பார்க்காமல் வேறு பக்கம் திரும்புகிறார்.

டிக்கன்ஸ் ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் விபத்துக்குப் பிறகும் ரயிலில் போய்க்கொண்டுதான் இருந்தார். ஊர் ஊராகச் சென்று தம் கதைகளை மேடையில் படித்துக் காட்டுவது அவர் தொழிலாகவே ஆகியிருந்தது, ரயிலைத் தவிர்க்க வழியில்லை. பெட்டி லேசாகக் குலுங்கினாலும் அவர் இரண்டு கைகளாலும் இருக்கையை இறுகப் பிடித்துக்கொள்வார் என்று அவர் மகன் ஹென்றி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1870 ஜூன் 9-ஆம் தேதி அவர் காலமானார். விபத்து நடந்து அன்றோடு சரியாக 5 ஆண்டுகள்.